மே மாதப் பயணமா, மாதாமாதம் தாங்குவதா, ஊரிலேயே மாலை வகுப்பா?

ஈஸ்டர் முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடும். இந்த வருடமும் மூன்று சபைகளிலிருந்து கேட்டுவிட்டார்கள். ஒரு சேகரத்தின் வாலிபர் ஐக்கியச் செயலாளர் எழுதியது மற்ற இரண்டு பேருக்கும் பொருந்தும்: "அண்ணா, கையில் 3 லட்சம் இருக்கிறது. பாதிப் பேர் ஒடிசா பணித்தளத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்கிறார்கள். பெரியவர்கள், அந்தப் பணத்தில் மாதாமாதம் அனுப்பிப் பத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தாங்கலாமே என்கிறார்கள். போதகர் ஐயா, நம்ம ஊர்ப் பிள்ளைகளே வாசிக்கத் தெரியாமல் இருக்கிறார்களே என்கிறார். எல்லாமே நல்ல காரியம்தானே?"

எல்லாமே நல்ல காரியம் என்பதுதான் சிக்கல். கெட்டது ஒன்று இருந்தால் அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நான் பதினொரு வருடம் எங்கள் வாலிபர் கூட்டத்தின் கணக்கு நோட்டை வைத்திருந்தவன். ஆறு பயணம் போயிருக்கிறேன். மாலை வகுப்பு ஒன்றை ஆரம்பித்து, மூடி, மறுபடி திறந்திருக்கிறோம். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

வழக்கமாக நாம் போன வருடப் பயணத்தின் வீடியோவைப் போட்டுவிட்டு, "இந்த வருடம் எங்கே?" என்றுதான் கூட்டத்தை ஆரம்பிப்போம். அதை விட்டுவிட்டு முதலில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. யார் கேட்டது? அங்கே இருப்பவர் நம்மைக் கூப்பிட்டாரா, அல்லது நாம் வருகிறோம் என்றதும் "வாங்க" என்றாரா? நம் காணிக்கையில் ஓடும் பணித்தளத்தில் இருப்பவர் "வராதீங்க" என்று எப்படிச் சொல்வார்?
2. நாம் கிளம்பிய மறுநாள் காலை அந்தப் பிள்ளையோடு யார் இருப்பார்கள்? அதன் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?
3. முழுச் செலவு எவ்வளவு? நம் பையிலிருந்து போவதோடு, நம்மை ஏற்றுக்கொள்பவர்கள் பையிலிருந்து போவதையும் சேர்த்து.
4. பிள்ளைக்குப் பாதுகாப்பா, சட்டப்படி சரியா?
5. உதவியில் நிபந்தனை ஒட்டியிருக்கிறதா? விசுவாசத்தைச் செயலில் காட்டுவது வேறு, நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன் ஜெபத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பது வேறு.

"நமக்கு எவ்வளவு ஆசீர்வாதமாக இருக்கும்" என்ற கேள்வியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அதற்குப் பதில் எப்போதும் "ரொம்ப" என்றுதான் வரும்.

## வழி 1: ஒரு வாரப் பணித்தளப் பயணம்

இதற்கு நம் பக்கத்தில் பெரிய வரலாறே இருக்கிறது. மிஷன் என்றால் வெள்ளைக்காரர் வந்து நமக்குச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1903இலேயே திருநெல்வேலி சபையார் தங்கள் பணத்தில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் அங்கேயே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று அந்தக் கேள்வி அவர்களுக்குப் போனது. இன்று பையும் பேனருமாக ரயில் ஏறுவது நாம் என்பதால் அது நமக்குத் திரும்பியிருக்கிறது.

பயணத்தில் உண்மையான நன்மை இல்லாமல் இல்லை. எங்கள் கூட்டத்தில் இன்று மாதாமாதம் தவறாமல் மிஷன் காணிக்கை கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது போய்ப் பார்த்தவர்கள். மலைமேல் தனியாக ஊழியம் செய்கிற குடும்பத்துக்கு, சொந்த மொழியில் பேச நாலு பேர் வந்து உட்கார்ந்தாலே ஒரு வருடத்துக்குப் போதும். ஆனால் "பிள்ளைகளுக்கு உதவி" என்ற பெயரில் போகிறோமே, அந்தக் கணக்கு வேறு. நாங்கள் 18 பேர் ஒடிசா மலைப்பகுதிக்குப் போன ஒரு மே மாதத்துப் பக்கம் இது:

| செலவு | ரூபாய் |
|---|---|
| ரயில், போக வர | 41,000 |
| ஜீப் வாடகை | 36,000 |
| சாப்பாடு, தங்கல் | 28,000 |
| டி-ஷர்ட், பேனர் | 11,500 |
| பிள்ளைகளுக்குப் பை, ஜாமெட்ரி பாக்ஸ் | 38,000 |
| வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பொருட்கள் | 9,000 |
| மிஷனரி குடும்பத்துக்கு | 10,000 |
| மொத்தம் | 1,73,500 |

பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது 47,000. ரூபாய்க்கு 27 காசு. எங்கள் டி-ஷர்ட்டுக்கு ஆனது, அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம். இதைக் கமிட்டியில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. நானும் அந்த டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தேன்.

நோட்டில் ஏறாத செலவும் உண்டு. 18 பேருக்கு நான்கு நாள் சமைத்ததில் மிஷனரி வீட்டு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அடுத்த சிலிண்டர் மலையேறி வரும்வரை அந்த அக்கா விறகில் சமைத்தார்கள். அவர்கள் நடத்தும் வகுப்பு அந்த வாரம் முழுக்க நின்றது. பொட்டலம் கட்டுவதற்கு இடம் கேட்டபோது அக்கா ஒரு தகர அலமாரியைத் திறந்து காட்டினார்கள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை க்ரயான்ஸ் பெட்டிகள், பாதி பிரிக்காமலே. "வர்ற குழு எல்லாம் இதைத்தான் கொண்டு வருது தம்பி. பேன் சீப்பு யாரும் கொண்டு வர்றதில்லை. ஹாஸ்டல்ல எல்லாப் பிள்ளை தலையிலும் பேன்." நாங்கள் கொண்டுபோன பையிலும் க்ரயான்ஸ்தான் இருந்தது.

அப்புறம் மொழி. அங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது சவரா என்ற பழங்குடி மொழி. பள்ளியில் ஒடியா. நம் அபிநயப் பாட்டு தமிழ். நடுவில் ஒருவர் மொழிபெயர்க்க, நான்கு நாளில் பாதி நேரம் அதற்கே போய்விடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். புதிய ஆட்கள் கூட்டமாக வந்து ஆடினால் எந்தப் பிள்ளைதான் சிரிக்காது?

சட்டத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டதால், நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஒடிசாவில் 1967இலிருந்தே சட்டம் இருக்கிறது. அதில் பணமாகவோ பொருளாகவோ தரும் அன்பளிப்பு 'தூண்டுதல்' என்ற கணக்கில் வரும். சிறுவர் சம்பந்தப்பட்டால் தண்டனை கூடுதல். உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டம் மத அமைப்பு நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வி தருவதாகச் சொல்வதைக்கூட மதம் மாற ஆசைகாட்டும் செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதை விசாரணையில் விளக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கையில் பை, மறு கையில் பைபிள் வசன அட்டை, நடுவில் பழங்குடிப் பிள்ளை என்று நீங்கள் ஸ்டேட்டஸ் போட்ட படத்துக்கு விளக்கம் சொல்லப்போவது நீங்கள் அல்ல, அங்கேயே குடியிருக்கும் மிஷனரி. கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்ட 2008 கந்தமால் கலவரத்தை மறக்காத ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன.

உறவினர் யாராவது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கூட வருவதாக இருந்தால் இன்னொன்று. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்யக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் ரூபாயிலேயே காணிக்கை கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதற்குரிய பதிவு இல்லாத சபை அதை வாங்க முடியாது. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து அனுப்புவது இந்தக் கணக்கில் வராது.

தெற்கு ஒடிசாவின் காட்டுப் பகுதிகள் மலேரியாவுக்குப் பேர்போனவை. ஊருக்கு வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

எப்போது இது சரி? ஏற்கெனவே வருடக்கணக்காக நீங்கள் தாங்கும் பணித்தளமாக இருந்து, அவர்களே நாள் குறித்து, ஆறு பேருக்கு மேல் இல்லாமல் போனால். "உதவப் போகிறோம்" என்று சொல்லாமல் "பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கையும் பேச்சும் அடங்கி இருக்கும்.

## வழி 2: குழந்தைகள் இல்லத்தில் தங்கி உதவுவது

இது பலருக்கு வலிக்கும். இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

எங்கள் இரண்டாவது பயணம் ஒரு இல்லத்துக்கு. ஊர், பெயர் வேண்டாம். போய் இறங்கிய பத்து நிமிடத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் என் மடியில் ஏறி உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மூன்று நாளும் விடவில்லை. "உங்ககிட்ட எவ்வளவு ஒட்டிக்கிட்டான் பாருங்க" என்றார்கள். நானும் திரும்பி வந்து சபையில் அதைச் சாட்சியாகச் சொன்னேன், சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிற்பாடு மனநல ஆலோசகராக இருக்கும் என் சித்தி மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "உன் பிள்ளை முன்பின் தெரியாத ஒருத்தன் மடியில் பத்து நிமிஷத்தில் ஏறினால் நீ சந்தோஷப்படுவியா, பயப்படுவியா?" பழகினவர்கள் எல்லாரும் போய்க்கொண்டே இருந்தால், யார் வந்தாலும் பிடித்துக்கொள்ள அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நானும் அந்தப் போனவர்களின் வரிசையில் ஒருவன்.

திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூர் இல்லத்தை உதாரணம் காட்டுவார்கள். 1901இல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தன்னிடம் ஓடிவந்த பிறகு, ஏமி கார்மைக்கேல் அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்க ஆரம்பித்தார். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951இல் சாகும்வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். அந்த ஐம்பது சொச்சம் வருடத்தையும் நம் மூன்று நாளையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உலக அளவிலும் இதைப் பற்றிய பேச்சு மாறிவிட்டது. கம்போடியாவில் கணக்கெடுத்தபோது, 'அனாதை' இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. வருகிற விருந்தாளியும் நன்கொடையும் கூடக்கூட, வறுமையில் இருக்கும் வீட்டிலிருந்து பிள்ளையை இல்லத்துக்கு இழுக்கும் வேகமும் கூடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானத்திலேயே, சுற்றுலாவாகவும் மற்றபடியும் இப்படி இல்லங்களில் தொண்டு செய்யப் போவதால் வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்றார்கள்.

நம் நாட்டில் 2015 சிறார் நீதிச் சட்டப்படி எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையை அங்கே வைக்க குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை என்று அடையாளம் தெரியும்படி பேர், படம் வெளியிடுவதற்கு ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம்வரை அபராதமோ உண்டு. சாயங்காலம் ஸ்டேட்டஸ் போடும் தம்பிகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். முன்பின் தெரியாத 18 பேரைப் பிள்ளைகள் படுக்கும் அறைவரை விடுகிற இல்லம் என்றால், நமக்கு முன்னால் யார் யாரை விட்டிருப்பார்கள் என்றும் யோசியுங்கள். சந்தேகமாக எதையாவது பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

அந்தப் பணத்தில் செய்ய வேறு வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகப்பனை இழந்தது போன்ற நிலையில் இருக்கும் ஏழைப் பிள்ளை தன் வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒரு விதவைத் தாய் நாலு அலுவலகம் அலைய முடியாமல்தான் பிள்ளையை இல்லத்தில் விடுகிறாள். உங்கள் கூட்டத்தில் பைக் வைத்திருக்கும் இரண்டு பேர் அவளோடு அலைந்தால் போதும்.

எப்போது இது சரி? பதிவு பெற்ற இல்லத்தில் குழாய், கழிப்பறை, மின்சாரம் ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் போய் வேலையை முடித்துவிட்டு வந்தால்.

## வழி 3: மருத்துவ முகாம்

தொழில் தெரிந்தவர்கள் இருந்தால் மட்டும் இதைப் பேசுங்கள். ஒரு கண் மருத்துவரோ பல் மருத்துவரோ வந்தால் ஒரு நாளில் நடக்கிற காரியம் நிஜமானது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதும் இந்த வழியில்தான். ஆனால் அவர் அங்கேயே இருந்தார், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் திறந்தார். நாம் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிடுவோம்.

அதனால் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்காமல் போகாதீர்கள். பூச்சி மாத்திரை வாங்கி அடுக்கிக்கொண்டு போவது ஒரு வழக்கம். 2015இலிருந்து அதை அரசே பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குறிப்பிட்ட நாள் வைத்துக் கொடுக்கிறது. கண்ணாடிக்கு அளவு எடுத்தால் கண்ணாடி யார் மூலம், எந்தத் தேதிக்குள் வரும் என்று முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். அளவு எடுத்துவிட்டு வராமல் போன கண்ணாடிகள் ஒரு ஊரையே நமக்கு எதிராகத் திருப்பிவிடும்.

## வழி 4: மாதாமாதம் தாங்குவது

வீட்டு வேலைக்குப் போகும் அம்மா ஒருத்தி சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைத்துச் சபைக்குக் கொண்டுவந்த பிடியரிசிக் காணிக்கை நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். இந்த வழி அதன் பேரப்பிள்ளை. ரயில் செலவு இல்லை, டி-ஷர்ட் இல்லை. அனுப்புவதில் பெரும்பங்கு போய்ச் சேர்கிறது.

மறைந்திருக்கும் செலவு, தொடர்ச்சி. 3 லட்சத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் என்றால் 30 மாதம் வரும். ஆறாம் வகுப்பு ஜூனில் எடுத்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே பணம் தீர்ந்துவிடும். அப்புறம்? "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கமிட்டியில் சொல்லலாம். ஹாஸ்டல் வார்டனிடம் சொல்ல முடியாது.

பெரிய அமைப்புகளுக்கும் இது நேரும். அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பான கம்பாஷன் இன்டர்நேஷனல் இந்தியாவில் சுமார் 1,45,000 பிள்ளைகளைத் தாங்கிவந்தது. வெளிநாட்டுப் பணம் அனுப்ப அரசு தடைபோட்டதும் 2017 மார்ச்சில் மூடிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதன் நியாய அநியாயம் வேறு பேச்சு. வெளியூர்ப் பணத்தை நம்பி நிற்கும் பிள்ளை ஒரே கையெழுத்தில் கீழே விழும். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் இந்திய ஆட்கள், இந்தியப் பணம் என்று பிடிவாதமாக நின்றதன் அருமை இப்போது புரிகிறது.

இன்னொன்று, 'என் பிள்ளை' என்ற எண்ணம். ஒரு வீட்டில் மூன்று பேர் இருக்க, ஒருவனுக்கு மட்டும் பிறந்தநாள் சட்டை வந்தால் மற்ற இருவருக்கும் அன்றைக்கு எப்படி இருக்கும்? நன்றிக் கடிதம் எழுத வைப்பதும் அப்படித்தான். பதினொரு வயதுப் பிள்ளை, பார்த்தே இராத ஒருவருக்கு "அன்புள்ள தகப்பனாரே" என்று ஆரம்பித்து எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் சொந்தத் தகப்பன் அந்த ஊரிலேயே கூலி வேலை செய்கிறார். அதனால் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்றைத் தாங்குங்கள்: ஒரு டீச்சர் சம்பளம், ஹாஸ்டல் காய்கறிச் செலவு, தண்ணீர் மோட்டார்.

வரிச் சலுகையை நம்பிச் சேருகிறவர்களுக்கு: புதிய வரி முறையில் இருப்பவருக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

எப்போது இது சரி? உங்கள் கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகமாக இருந்து, நேரம் இல்லை, மாத வருமானம் உண்டு என்றால். ஐந்து வருடத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொள்ள முடிந்தால்.

## வழி 5: ஊரிலேயே மாலை வகுப்பு

பேச்சுக்கு எளிது, செய்யக் கஷ்டம். எங்கள் முதல் வகுப்பு ஜூனில் 22 தொண்டர்களோடு ஆரம்பித்தது. தீபாவளிக்கு ஆறு பேர். ஜனவரியில் பூட்டிவிட்டோம். இரண்டாவது முறை, ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு ஆரம்பித்தோம். அது ஓடுகிறது. 32 பிள்ளைகள். டீச்சருக்கு மாதம் 6,000, சுண்டலுக்கு ஐயாயிரம் சொச்சம், நோட்டு, லைட் பில் என்று பத்து மாதத்துக்கு ஒன்றேகால் லட்சம் ஆகிறது. ஒரு பயணத்தைவிடக் குறைவு.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வராது. 52இலிருந்து 37ஐக் கழித்தால் 25 என்பான். பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. இரண்டாம் வகுப்பில் எங்கோ விட்டது. தீக்குச்சிக் கட்டுகளை வைத்து, ஒரு பத்துக் கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்க்கக் காட்டினோம். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் தானாகவே கட்டைப் பிரித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வாரப் பயணத்தில் இதற்கு நாள் போதாது.

இந்த வழியின் நிஜமான செலவு பணமே அல்ல. ஒடிசாவில் எந்த வீட்டில் எது கொடுத்தாலும் சாப்பிட்டோம், அதைப் படமும் எடுத்தோம். நம்ம ஊரில் வகுப்பு ஆரம்பித்த இரண்டாவது வாரம், தெற்குத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள், அந்தத் தெரு அக்காதான் சுண்டல் அவிக்கிறார் என்று தெரிந்ததும் நாலு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதில் இரண்டு வீடு எங்கள் சபையார். மிஷன் காணிக்கைப் பை முதலில் நிரம்பும் வீடுகள். ஆயிரம் மைல் தாண்டிப் போய்ப் பழங்குடிப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது, அடுத்த தெருப் பிள்ளையோடு நம் பிள்ளையை உட்கார வைப்பதைவிட எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுண்டலை மாற்றவில்லை. நிறுத்திய நாலு வீட்டில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அடுத்த ஜூனில் திரும்பி வந்தார்கள்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்து வீட்டுப் பிள்ளைகள், நாலு பேர் முஸ்லிம். முதல் நாளே பெற்றோரைக் கூப்பிட்டு, இது சபை நடத்தும் வகுப்பு, பாடம் மட்டும்தான் நடக்கும், ஞாயிறு பள்ளி தனி, அதற்கு யாரையும் கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சில சபையார், "பிறகு எதற்குச் செய்கிறோம்?" என்று கேட்டார்கள். கணக்குச் சொல்லித் தருவதற்கு என்றோம். பெரியவர் இருவர் இல்லாமல் வகுப்பு திறப்பதில்லை, யாரும் எந்தப் பிள்ளையையும் தனியாக பைக்கில் கூட்டிப்போவதில்லை. இதையெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எப்போது இது சரி? தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நிச்சயமாக வரக்கூடிய இரண்டு பேர் இருந்தால். அப்படி இரண்டு பேர் இல்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம், பாதியில் மூடுவது பிள்ளைகளுக்கு இன்னொரு கைவிடல்.

## ஒரே பார்வையில்

| | யார் கேட்டது | மறுநாள் யார் இருப்பார் | மறைந்த செலவு | ஆபத்து |
|---|---|---|---|---|
| பயணம் | பெரும்பாலும் நாம் | மிஷனரி குடும்பம் | அவர்கள் நேரம், சிலிண்டர் | சட்டம், தங்குகிறவருக்கு வரும் பகை |
| இல்லத்தில் தங்கல் | நாம் | அடுத்த குழு | பிள்ளையின் மனது | மிக அதிகம் |
| மருத்துவ முகாம் | கேட்டால் தெரியும் | ஆஸ்பத்திரி இருந்தால் சரி | தொடர் சிகிச்சை | வாக்குத் தவறுவது |
| மாதத் தாங்கல் | வார்டன், டீச்சர் | அவர்களே | வருடக்கணக்கான கடமை | பாதியில் நிற்பது |
| மாலை வகுப்பு | பெற்றோர் | நாமே | தினசரி ஆள், ஊர்ப் பகை | சோர்வு |

## அந்த 3 லட்சம்

செயலாளர் தம்பிக்கு நான் எழுதிய கணக்கு இது. தினமும் வரக்கூடிய இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னார், அதனால் மாலை வகுப்புக்கு 1,25,000. அவர்கள் ஏற்கெனவே ஜெபித்துவரும் பணித்தளத்தின் ஹாஸ்டல் டீச்சருக்கு மாதம் 7,500 வீதம் ஒரு வருடத்துக்கு 90,000. அதே இடத்துக்கு ஐந்து பேர் போய்வர 35,000. மீதி 50,000ஐத் தொடாமல் அடுத்த ஜூனுக்கு வைக்க வேண்டும். டீச்சர் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. பயணத்துக்குப் பேர் கொடுத்திருந்த மற்ற பதின்மூன்று பேருக்கு வருத்தம்தான். அவர்களில் நாலு பேராவது சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் வருத்தம் குறையும்.

டி-ஷர்ட் வேண்டாம் என்றும் எழுதினேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

போகும் ஐந்து பேர் என்ன கொண்டுபோகலாம் என்று அங்கேயே கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். அந்தப் பணித்தளத்து அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை எனக்கும் அனுப்பிவைத்தார்கள்: பேன் சீப்பு 30. ரப்பர் செருப்பு, அளவு பிறகு சொல்கிறேன். சார்ஜ் போடும் டார்ச் 4. பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடை, கடையில் கேட்கக் கூச்சப்படாமல் வாங்கி வாருங்கள். இட்லித் தட்டு ஒன்று. ஊர் முறுக்கு கொஞ்சம், இது எனக்கு. ஜூலையில் வாருங்கள், மே மாதம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். ஆறு பயணமும் நாங்கள் மே மாதம்தான் போனோம்.